தொலைநோக்கியும் மெகரும்

படாளம் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அண்ணன் தோளில் இரண்டு பைகள். ஒன்றில் தொலைநோக்கி, இன்னொன்றில் வயரிங் சோதிக்கும் மெகர். தொலைநோக்கி வேடந்தாங்கல் ஏரிக்கு. மெகர், போகிற வழியில் ஓர் அரிசி ஆலைக்கும் மறுநாள் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறைக்கும். அண்ணன் என் பெரியப்பா மகன். 'சி லைசென்ஸ்' என்று சொல்வார்களே, அந்த மின் சூபர்வைசர் சான்றிதழ் வைத்திருப்பவர். வேலை நடக்கும் இடங்களில் வயரிங்கைச் சோதித்து, எது சரி, எது ஆபத்து என்று எழுதிக் கொடுப்பது அவர் தொழில். "ஏரி பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கியே தம்பி, தை மாசம் போனா கூடு நெறைய இருக்கும். நடுவுல ரெண்டு எடத்துல எனக்கு வேலை, கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்றார். கூடவே நின்று வேடிக்கை பார்க்கலாமே என்று கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது செங்கல்பட்டில் கொளவாய் ஏரி நிறைந்து கிடந்தது. பாலாற்றில் ஓர் ஓரமாகத் தண்ணீர் ஓடியது. படாளத்திலிருந்து உள்ளே திரும்பினால் கரும்பும் நெல்லும். நடவு முடிந்து பச்சை கட்டிய வயல்களுக்கு நடுவே மோட்டார் கொட்டகைகள். மின்கம்பியில் பனங்காடை ஒன்று உட்கார்ந்திருந்தது. பறக்கும்போதுதான் அதன் நீலம் தெரியும்; உட்கார்ந்திருந்தால் வெறும் பழுப்புக் குருவி.

அரிசி ஆலை பழையது. மெயின் போர்டு இருந்த சுவரில் உமித்தூசி விரல் பருமனுக்குப் படிந்திருந்தது. மெயின் சுவிட்சின் மேல் சந்தனமும் குங்குமமும். போன ஆயுத பூஜைக்கு வைத்தது, இன்னும் அழியவில்லை. ஆலைக்காரர் வயதானவர், நல்ல மனிதர், எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். "பத்து வருஷமா ஓடுது சார், ஒண்ணும் ஆவல" என்றார். "ஒண்ணும் ஆவாம இருக்கச்சவே பாத்துடலாம்ங்க" என்று அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அவர் வேலை செய்வதை முதல் தடவையாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெயினை இறக்கினார். ப்யூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "வேலை முடியற வரைக்கும் இது என்கிட்ட இருக்கணும். நான் மோட்டார் பக்கம் நிக்கறப்ப வேற யாராவது வந்து மெயினைப் போட்டா?" ஒரு கட்டையைத் திருப்பி என்னிடம் காட்டினார். மெல்லிய ப்யூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய செம்புக் கம்பி மூன்று இழை. அடிக்கடி ப்யூஸ் போகிறதென்று யாரோ செய்த உபகாரம். அதன்பின் ப்யூஸ் போகாது, வயர்தான் போகும்.

போர்டைத் திறந்ததும் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். எரிந்த பேக்லைட்டுக்கு ஒரு வாசனை உண்டு, மீன் கருகியது போல. நியூட்ரல் முனையில் ஒரு திருகு தளர்ந்து, சுற்றிலும் கறுத்திருந்தது. தளர்ந்த இணைப்பு சூடாகும், சூட்டில் இன்னும் தளரும், தளரத் தளர இன்னும் சூடாகும். பக்கத்தில் உமித்தூசி. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் புகையில் மூச்சுத் திணறிச் செத்ததை அண்ணன் அங்கே நின்றபடியே சொன்னார். அங்கும் தொடக்கம் ஒரு தளர்ந்த இணைப்புதான். அன்று காலைதான் கீழ்த்தளத்து டிரான்ஸ்பார்மரைப் பழுது பார்த்திருந்தார்கள். கேபிள் முனையை அதற்குரிய கருவியால் அழுத்திப் பொருத்தவில்லை. மாலைக்குள் கேபிள் கழன்று தீப்பொறி பறந்தது. பழுது பார்த்தவர்கள் இருந்தார்கள். பார்த்தது சரியாக இருக்கிறதா என்று சோதித்தவர் இல்லை.

பிறகு மெகர். வயரின் மேலுறை இன்னும் உறையாகத்தான் இருக்கிறதா, எங்காவது மின்சாரத்தை வெளியே கசிய விடுகிறதா என்று சொல்லும் கருவி. ஆங்கிலேயப் பொறியாளர் சிட்னி எவர்ஷெட் 1889இல் காப்புரிமை வாங்கிய யோசனை. மெகர் என்ற பெயர் 1903இல் பதிவானது. வணிகப் பெயர் கருவியின் பெயராகவே நிலைத்துவிட்டது. அண்ணனிடம் இருப்பது அவர் குரு கொடுத்த பழைய பெட்டி, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிஷம் வைத்துப் பார்க்க வேண்டும். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிற அளவு இது. விளக்கு லைன்கள் தேறின. எலிவேட்டர் மோட்டாருக்குப் போகும் லைனில் முள் எழும்பவே இல்லை. 0.3. குழாயைத் தொடர்ந்து போனோம். தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால், எலி கடித்து, இரண்டு அங்குலத்துக்குச் செம்பு பளபளவென்று தெரிந்தது. இரும்புக் குழாய்க்கும் அதற்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. அந்தக் குழாயின் மேல்தான் ஆலையில் வேலை செய்யும் பெண்கள் துண்டு காயப் போட்டிருந்தார்கள்.

ஆலைக்காரர் வெகுநேரம் பேசவில்லை. துண்டுகளைத் தானே எடுத்து மடித்து வேறிடத்தில் வைத்தார்.

எர்த் சோதனைக்கு வெளியே வந்தோம். எர்த் குழியிலிருந்து நேர்க்கோட்டில் இரண்டு ஆணிகளைத் தூரத்தூரமாய் அடித்து, வயர் இழுத்து, தடை எவ்வளவென்று பார்க்கிறார்கள். 20 ஓம் காட்டியது. எனக்கு அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டார். மோட்டார் உடம்பில் பேஸ் பட்டுவிட்டது என்று வை. 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். அந்த லைனின் ப்யூஸ் 30 ஆம்பியர் தாங்கும். ஆக, ப்யூஸ் போகாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் இரும்பு உடம்பு முழுக்க மின்சாரம். அதே எர்த் 2 ஓம் இருந்தால் 115 ஆம்பியர் பாயும், ப்யூஸ் உடனே போகும். எர்த் இருக்கிறதா என்று கேட்பது பாதிக் கேள்விதான். எத்தனை ஓம் என்று கேட்க வேண்டும்.

எனக்கு அம்மாவின் மாவு கிரைண்டர் நினைவு வந்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டில், மாவு தள்ளிவிடும்போதெல்லாம் அம்மாவுக்குச் சுரீர் என்று அடிக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னோம்; செருப்பு போட்டுக்கொண்டு அரைத்தால் அடிக்காது என்றார். நாலு வருஷம் அம்மா செருப்புப் போட்டுக்கொண்டுதான் அரைத்தாள். அந்த வீட்டுப் பிளக் பாயின்ட்டில் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லை என்பதைக் காலி செய்யும்போது இதே அண்ணன்தான் கண்டுபிடித்தார். சாமி அறைக்குள் கழற்றிவிட்டுப் போகும் செருப்பை, அடுப்படியில் உயிருக்குக் காவலாக அணிந்திருந்த அந்த நாலு வருஷத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

மின்சாரத்தால் சாவது நம் நாட்டில் அபூர்வமில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக் கணக்குகளில் அது ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல். சட்டம் இல்லாமலும் இல்லை. எந்த மின் அமைப்பையும் 5 ஆண்டுக்கு மேற்படாத இடைவெளியில் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது 1956 விதிகளிலேயே உண்டு. 2003 மின்சாரச் சட்டத்தின் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்த விதிமுறைகளிலும் அது தொடர்ந்தது. நம் மாநிலத்தில் தலைமை மின் ஆய்வாளரின் கீழ் மின் ஆய்வுத்துறை இருக்கிறது, கிண்டியில் அலுவலகம். உயரழுத்த இணைப்பு, சினிமா தியேட்டர், லிஃப்ட் என்று அவர்கள் பார்க்க வேண்டியவை ஏராளம். சின்ன ஆலையும் கல்யாண மண்டபமும் வாடகை வீடும் இந்த வலையின் கண்களுக்குள் நழுவிப்போகின்றன. நம் வீட்டு மீட்டர் பெட்டியை ஒழுங்காக வந்து பார்க்கிறவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வரும் ஈ.பி. ஊழியர் மட்டும்தான். அவர் பார்ப்பது யூனிட்டை. மோட்டார் கொட்டகைக்கு அவரும் வருவதில்லை. 1990இலிருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், எடுக்கக் கணக்கில்லை. அந்த இலவசம் வேண்டியதுதான். ஆனால் ஈரக்காலோடு விவசாயி தொடும் ஸ்டார்ட்டரை எவருமே திறந்து பார்க்காத நிலையும் கூடவே வந்துவிட்டது.

கிளம்பும்போது ஆலைக்காரர், வருஷா வருஷம் எப்போது பார்ப்பது நல்லது என்று கேட்டார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என்றார் அண்ணன். எப்படியும் அன்று மெஷினை நிறுத்துகிறோம், துடைக்கிறோம். பொட்டு வைப்பதற்கு முன்னால் மெயினை இறக்கிவிட்டு, லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனைக் கூப்பிட்டுப் போர்டைத் திறந்து திருகுகளை இறுக்கச் சொல்லலாம். அடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை. மழை ஈரத்தில் உறை பலவீனப்படும், அதனால் மெகர் சோதனைக்கு மழையை ஒட்டிய காலம் சரி. எர்த்துக்கு நேர்மாறு. மண் ஈரமாக இருக்கும்போது தடை குறைந்து நல்ல பிள்ளையாகத் தெரியும். சித்திரை வெயிலில் மண் வறண்டு கிடக்கும்போது அளந்தால்தான் உண்மை வரும். தை மாதத்திலேயே 20 ஓம் என்றால் சித்திரையில் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. குழியில் புதுக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

நாலு மணிக்கு வேடந்தாங்கல். ஏரிக்கரையில் ஏறியதும் பேச்சு நின்றுபோனது. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்கள் ஒவ்வொன்றும் ஒரு தெரு. மேல்மாடியில் மஞ்சள் மூக்கு நாரை, நடுவில் நத்தைக்குத்தி, கீழே நீர்க்காகமும் வக்காவும். கரண்டிவாயன் ஒன்று தாழ்ந்த கிளையில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் இரைக்குக் கத்தும் சத்தம் தூரத்தில் சந்தை போலக் கேட்டது. சுமார் 30 ஹெக்டேர் ஏரிதான். இதற்குள் இத்தனை உயிர்.

இந்த ஏரியைக் காப்பாற்றியது ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டுத் தடை உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு எருவாகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காகிதம் தொலைந்துபோயிற்று. விட்டுவிடவில்லை, 1858இல் மறுபடியும் போய்ப் புதுப்பித்து வாங்கினார்கள். சரணாலயச் சட்டமும், 2022இல் கிடைத்த ராம்சார் அங்கீகாரமும் பின்னால் வந்தவை. கூடு கட்டும் காலமென்பதால் தீபாவளிக்கு ஊரில் வெடிச்சத்தம் கிடையாது. காகிதம் வாங்குவதோடு இவர்கள் நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மழைக்கு முன்னால் கரையில் நடந்து எலிவளை, நண்டுவளை பார்ப்பது, மதகில் கசிவு பார்ப்பது என்பது ஏரிப் பாசன ஊர்களின் பழைய வழக்கம். கரை தானாகப் பலவீனப்படும், யாரும் இடிக்க வேண்டியதில்லை. ஆலையில் குழாய்க்குள் எலி கடித்த வயரும் அப்படித்தான் கிடந்தது.

சூரியன் இறங்கும் நேரம் கூழைக்கடா ஒன்று எங்கள் தலைக்கு மேல் வந்தது. விரித்த இறக்கை ஓர் ஆளைவிட நீளம். "இது கம்பியில உக்காந்தா?" என்று கேட்டேன். சின்னக் குருவியின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன; இரண்டு காலுக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு இல்லை, அதன் உடம்பு வழியே மின்சாரம் ஓடத் தேவையில்லை. பெரிய பறவையின் இறக்கை அடுத்த கம்பியையோ கம்பத்தின் இரும்புச் சட்டத்தையோ தொட்டுவிட்டால் பாதை கிடைத்துவிடுகிறது. ராஜஸ்தான், குஜராத் பக்கம் கானமயில்கள் கம்பிகளில் மோதிச் சாவது 2021இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. மனிதனும் தரையில் நிற்கிற பெரிய பறவைதான், ஒரு கால் எப்போதும் மண்ணில் என்றார் அண்ணன்.

அதையொட்டித்தான் களிமேட்டைப் பற்றிப் பேசினோம். தஞ்சாவூருக்குப் பக்கத்தில், 2022 ஏப்ரல் 27 விடியற்காலை, அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரச, 11 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் சேர்த்து. சாலையைப் புதிதாகப் போட்டதில் அதன் மட்டம் உயர்ந்திருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. 11,000 வோல்ட் கம்பி தெருவைக் கடக்கும் இடத்தில் தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. கம்பி கட்டிய அன்று அது இருந்திருக்கும். பிறகு ஒவ்வொரு தடவை தார் போடும்போதும், கம்பியை யாருமே தொடாமல், அந்த 6.1 குறைந்துகொண்டே வரும். கொடியேற்றத்துக்கு முன் ஒரு மூங்கிலை வைத்துத் தேரின் உயரத்தையும், ஈ.பி. ஆட்களைக் கொண்டு கம்பியின் உயரத்தையும் அளந்து பார்ப்பது ஒரு சாயங்கால வேலை. அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொண்டு இருட்டும்வரை கரையில் உட்கார்ந்திருந்தோம். ஏரி முழுக்க வெள்ளையாகப் பறவைகள் வந்து அடைந்தன.

மறுநாள் செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். மலையையும் சங்கு தீர்த்தத்தையும் பஸ் ஜன்னலிலிருந்தே கும்பிட்டுக்கொண்டோம். கடல்காற்று உப்பை முகத்தில் ஒட்ட, இறங்கியதும் உளிச்சத்தம், அதற்கு மேல் கட்டிங் மெஷின்களின் அலறல்.

பட்டறை ஐந்து ரதம் போகும் வழியில். ஓலைப் பந்தலுக்குக் கீழ் அரைகுறையாய் எழுந்த விநாயகர், கால் மட்டும் முடிந்த ஓர் அம்மன். இங்கே சிற்பக் கல்லூரி 1957இலிருந்து நடக்கிறது. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஸ்தபதிக்கு அறுபது வயதிருக்கும். முதலில் அவர் பேசியது மின்சாரத்தைப் பற்றியல்ல, தூசியைப் பற்றி. கருங்கல் தூசி நெஞ்சில் படிந்து இருமி இருமியே போன தன் பெரியப்பாவைப் பற்றி. அதனால்தான் மெஷின் வைத்து அறுக்கும்போது தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். தண்ணீர் ஊற்றினால் தூசி அடங்கும், நுரையீரல் பிழைக்கும். ஆனால் கையில் ஓடுகிற மெஷினும் காலடியில் சேறும் ஒன்றாகச் சேரும். ஓர் ஆபத்தை விரட்டப் போய் இன்னொன்றை அழைத்துக்கொள்ளும் இக்கட்டு அவர்களுக்குத் தினசரி வாழ்க்கை. தூசியா, ஷாக்கா என்று யாரும் அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லக் கூடாது.

கிரைண்டரின் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் ஒரு சதுரம் வரைந்திருக்கிறது. இரட்டைக் காப்பு என்று அர்த்தம். அதனால்தான் எர்த் இல்லாமல் இரண்டு முள் பிளக். அந்தக் காப்பெல்லாம் காய்ந்த இடத்துக்குத்தான். உள்ளே கல் சேறு புகுந்துவிட்டால் இரண்டு சதுரமும் உதவாது. அண்ணன் ஒவ்வொரு மெஷினாக எடுத்து, வயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தை மட்டும் மடக்கி மடக்கிப் பார்த்தார். முதலில் விடுவது அந்த இடம்தானாம். ஏழில் இரண்டில் உறை விண்டிருந்தது. அவற்றைத் தனியே வைத்துவிட்டார். சேற்றில் கிடந்த எக்ஸ்டென்ஷன் போர்டை எடுத்துப் பந்தல் கழியில் இடுப்புயரத்துக்குக் கட்டச் சொன்னார்.

போன வருஷம் அவர் வந்தபோது இங்கே எர்த் வயரைப் பிடித்து லேசாக இழுத்திருக்கிறார். குழாயின் கழுத்துத் துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. உப்புக்காற்றும் உப்பு மண்ணும் இரும்பை அப்படித் தின்கின்றன. இப்போது செம்பு பூசிய கம்பி இறக்கியிருந்தார்கள். போர்டில் ஆர்.சி.சி.பி. ஒன்றும் ஏறியிருந்தது, 30 மில்லி ஆம்பியர்.

இந்தச் சின்னப் பெட்டியைப் பற்றி அண்ணன் பேசினால் குரல் மாறிவிடும். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்துக்குள் துண்டிக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், எவ்வளவு மின்சாரம் வரை மனிதன் பிடித்த கம்பியைத் தானே விட முடிகிறது என்று வருஷக்கணக்காக ஆராய்ந்தவர். 1961இல் இவ்வகைக் கருவி ஒன்றை உருவாக்கினார். 1 மில்லி ஆம்பியர் சுருக்கென்று தெரியும். 10ஐத் தாண்டினால் தசை இறுகி, விட நினைத்தாலும் கை விடாது. 50, 100 என்று போனால் இதயத்தின் தாளம் கெடும். நனைந்த உடம்பில் 230 வோல்ட் பட்டால் 200ஐயும் தாண்டலாம். ப்யூஸ் காப்பது வயரை. ஆளைக் காக்க இந்தப் பெட்டி வேண்டும்.

ஸ்தபதியின் மகன் கோயில் வேலைக்காக லண்டன் போய் வந்தவர். அங்கே வேலை செய்த இடத்தில் கெட்டிலில்கூடப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, சோதித்த தேதி எழுதியிருந்ததாம். இங்கிலாந்தில் 2020 முதல் வாடகை வீட்டின் வயரிங்கையும் குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, அறிக்கையைக் குடியிருப்பவர் கையில் வீட்டுக்காரர் கொடுத்தாக வேண்டும். கேட்டதும் அம்மாவின் செருப்புதான் என் கண்ணில் நின்றது. அதே 5 ஆண்டு நம் விதியிலும் எழுதியிருக்கிறது.

"மாசம் ஒருவாட்டி இந்தப் பொத்தானை அமுக்கறீங்களா ஐயா?" என்று அண்ணன் கேட்டார். ஸ்தபதி தலையைச் சொறிந்தார். எதற்கு அந்தப் பொத்தான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அமுக்கினால் கருவி உள்ளுக்குள் தானே ஒரு கசிவை உண்டாக்கிப் பார்த்துக்கொள்ளும். உயிரோடு இருந்தால் உடனே விழும். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.

"நீங்களே அமுக்குங்க."

அவர் கல்தூசி படிந்த கட்டைவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு அமுக்கினார். டக் என்று நெம்புகோல் விழுந்தது. பட்டறை முழுக்க மெஷின்கள் ஒன்றாக நின்றன. அறுத்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். பக்கத்துப் பட்டறையிலிருந்து உளிச்சத்தம் மட்டும் கேட்டது. "விழுந்துடுச்சு" என்றார் ஸ்தபதி, சந்தோஷமாக. நெம்புகோலைத் தூக்கிவிட்டு, கோடு போடும் கரித்துண்டை எடுத்து, போர்டின் மூடியில் அன்றைய தேதியை எழுதினார்.